"எந்தச் சட்டப்படி?" என்று கேட்கும் உரிமை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, இப்போது ஆறாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பாட்டி குடியிருக்கும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. தோட்டம் கைமாறிவிட்டது, மாமாவுக்கு வேலையும் போகிறது. ஆபீசில் போய்க் கேட்டால் "எல்லாம் சட்டப்படிதான்" என்கிறார்கள். பள்ளிச் சபைகூடலில் மலேசிய நாட்டு உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் நான்காவது கோட்பாடாக "கெடவுலாத்தான் உண்டாங்-உண்டாங்" என்று கையை உயர்த்திச் சொல்கிறோமே, சட்டத்தின் ஆட்சி என்றால் இதுதானா? சட்டம் கடைசியில் பலசாலி பக்கம்தான் என்றால் அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்பது ஒன்று. அநியாயமான சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் இரண்டாவதற்குப் போனால் கோபம் மட்டும்தான் மிஞ்சும். நான் நெடுங்காலம் ஈப்போவில் வழக்கறிஞர் ஒருவரிடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். தோட்டத்து ஆட்கள் கொண்டுவரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதே பாதி வேலை. அதனால் அறிஞர்கள் சொன்னதையும் நம் பக்கத்தில் நடந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்த ஆண்டுகளில் அரசாங்கம் செய்தவை பெரும்பாலும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே செய்தவை. அவசரகால விதிகள் எழுத்தில் இருந்தன, முறையாக அறிவிக்கப்பட்டும் இருந்தன. விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம் என்று எழுதியிருந்தது, அடைத்தார்கள். நாடு கடத்தலாம் என்று எழுதியிருந்தது, கப்பலில் ஏற்றினார்கள். ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று எழுதியிருந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சம்மேளனத்தை அதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தார்கள். அதுவும் சட்டப்படிதான். வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் இருக்க முடியாதபடி தொழிற்சங்கச் சட்டத்தை 1948இல் திருத்தினார்கள், பதிவு போனது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளும் கொன்றார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஜனங்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆகவே "சட்டப்படி நடந்தது" என்று சொல்வதால் மட்டும் "சட்டத்தின் ஆட்சி நடந்தது" என்று ஆகிவிடாது. ஆள்பவர் சட்டத்தை எடுத்து மற்றவர் மேல் வீசுவது ஒரு நிலை. ஆள்பவரே அதற்குள் கட்டுண்டு கிடப்பது வேறு நிலை. இந்த வேறுபாட்டை வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு முறையின்றிப் பொருள் கேட்கும் அரசனும், வழியில் வேலோடு நின்று "எடு" என்று கேட்கும் கள்ளனும் ஒன்று என்கிறார். இங்கிலாந்தின் சட்டத் தத்துவ அறிஞர் ஹெச். எல். ஏ. ஹார்ட் 1961இல் கிட்டத்தட்ட இதே இடத்திலிருந்துதான் தொடங்கினார்: துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்பவனின் கட்டளைக்கும் சட்டத்தின் கட்டளைக்கும் என்ன வித்தியாசம்? பயந்து கொடுப்பது ஒன்று, கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது வேறொன்று என்று அவர் பிரித்தார். சட்டம் செய்பவரையே கட்டுப்படுத்தும் விதிகள் இருந்தால்தான் அது சட்டம் என்றார்.

அமெரிக்கர் லோன் ஃபுல்லர் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, சட்டம் சட்டமாக இருக்க என்னென்ன வேண்டும் என்று 1964இல் எட்டு நிபந்தனைகளை அடுக்கினார். ஆளுக்கு ஆள் மாறாமல் பொதுவாக இருக்க வேண்டும், எல்லாரும் அறிய வெளியிடப்பட வேண்டும், நடந்து முடிந்ததைப் பின்னாளில் குற்றமாக்கக் கூடாது, புரிய வேண்டும், ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது, செய்ய முடியாததைக் கேட்கக் கூடாது, நாளுக்கொன்றாக மாறக் கூடாது, எழுதியது ஒன்றும் அதிகாரி செய்வது ஒன்றுமாக இருக்கக் கூடாது. இவற்றில் சில நம் கூட்டரசு அரசியலமைப்பிலேயே இருக்கின்றன. பின்னோக்கித் தண்டிப்பதைப் பிரிவு 7 தடுக்கிறது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது பிரிவு 8. பிடிக்கப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று பிரிவு 5 சொல்கிறது.

இந்த எட்டில் தோட்டப்புறத் தமிழர்களை மிக ஆழமாகத் தொட்டது "செய்ய முடியாததைக் கேட்காதே" என்பதுதான் என்பது என் எண்ணம். சிவப்பு ஐசியைத்தான் சொல்கிறேன்: குடிமகனுக்கு நீல அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குச் சிவப்பு.

மெர்டேக்கா எனும் சுதந்திர நாளுக்கும் 1962 அக்டோபருக்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு, பொதுவாக, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்களில் பலர் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. சட்டம் தெளிவு, வெளியிடப்பட்டும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத்தில் பிள்ளை பிறப்பது லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில். பிறந்ததை யாராவது போய்ப் பதிவு செய்தால் உண்டு. ஊருக்குப் போய் மனுப் போட ஒரு நாள் சம்பளம் போகும். பாரம் நிரப்பத் தெரிந்தவர் தோட்டத்துக்கு ஒருவர், அவரும் கிராணியாக இருப்பார், அவர் தயவு வேண்டும். கல்யாணத்திலும் இப்படித்தான். 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் ஆட்களோ கோவிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது என்று இருந்தார்கள். பதிவு இல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமையை அப்பா வழியில் பார்க்க மாட்டார்கள், அம்மா வழியில்தான் பார்ப்பார்கள். அப்பாவிடம் நீல ஐசி இருந்தும், அம்மாவுக்குப் பத்திரம் இல்லை என்பதால் பிள்ளை நாடற்றவராக நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பாட்டி வருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) துண்டு, கோவில் திருவிழா ரசீது, தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை, புருஷனுடைய இறப்புப் பத்திரம், அப்புறம் அந்தச் சிவப்பு அட்டை. பிறந்தது இங்கே, ரப்பர் பால் வெட்டியது இங்கே, பெற்ற பிள்ளைகள் எல்லாம் நீல ஐசி. அரசு முகப்பு ஒன்றில் அவரிடம் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். இல்லை என்றதும், பிறந்தபோது பார்த்த சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார்கள். எழுபது வயதைத் தாண்டியவர் பிறந்ததைப் பார்த்த சாட்சி எங்கிருந்து வருவார்? முகப்பில் இருந்த பெண் முறைத்துப் பேசவில்லை, விதியில் உள்ளதைத்தான் கேட்டார். விதி எழுத்தில் இருந்தது, எல்லாருக்கும் பொதுவாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டியால் எந்தக் காலத்திலும் நிறைவேற்ற முடியாத ஒன்றை அது கேட்டது. ஃபுல்லர் கண்ணுக்கு அது சட்டத்தின் குறையாகவே தெரியும்.

இதன் விலை சின்னதில்லை. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969 மே கலவரத்துக்குப் பிறகு இறுக்கமாக அமலானபோது, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு, தங்கள் பிள்ளைகள் கண்டிராத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். ஒரு பாரம் நிரப்பாததற்கு அவ்வளவு தண்டனை.

சரி, இப்படிப்பட்ட சட்டத்தைவிட நல்ல மனிதர் ஒருவர் தீர்த்துவைப்பது மேல் இல்லையா என்று தோன்றும். நம் பெரியவர்கள் பேச்சில் அது அடிக்கடி வரும். "அந்தக் காலத்துத் துரை நல்லவர், கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார், சீக்கு வந்தால் காடி அனுப்புவார்." உண்மையாகவே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த நல்ல துரை மாற்றலாகிப் போன மறுநாள் என்ன ஆகும்? புதுத் துரை அட்வான்ஸ் தரமாட்டேன் என்றால் கேட்க வழி இல்லை. அவர் கொடுத்தது தயவு. தயவைக் கேட்டு வாங்க முடியாது, கெஞ்சித்தான் வாங்க முடியும். சட்டம் ஒருவருக்குக் கொடுப்பதில் மிகப் பெரியது அந்தக் கெஞ்சலிலிருந்து விடுதலை என்று நான் நம்புகிறேன். பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் காலை ஐந்தரைக்கு வரிசையில் நின்ற ஆளுக்கு "ஏன் இன்று என்னை வெளிக்காட்டுக்குப் போட்டீர்கள்?" என்று கேட்க வாய் கிடையாது. நீதிமன்றத்தில், அல்லது தொழிலாளர் இலாகாவில், அதே ஆள் கேட்டால் எதிர்த்தரப்பு காரணம் சொல்லியே ஆக வேண்டும். ஜெரமி வால்ட்ரன் என்ற சட்ட அறிஞர் இதைத்தான் மனித கண்ணியத்தோடு சேர்த்துப் பேசுகிறார். விசாரணை என்பது ஒரு மனிதரிடம் "உன் பக்கத்தைச் சொல், கேட்கிறோம்" என்று சொல்லும் ஏற்பாடு. ஆடு மாடுகளை நாம் அப்படி நடத்துவதில்லை.

சட்டத்தின் ஆட்சி என்ற கருத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் ஏ. வி. டைசி, ஆக்ஸ்ஃபர்ட் பேராசிரியர். எவ்வளவு பெரிய ஆளானாலும் நாட்டின் சாதாரண நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று 1885இல் எழுதினார். அவர் அதை எழுதிய காலத்தில் நம் முன்னோர்கள் பினாங்கில் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம், பிடிபட்டால் ஜெயில். அந்த முறை ஒழிக்கப்பட்டது 1910இல்தான். டைசியின் கருத்து தவறென்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். அதைச் சொன்ன பேரரசு நமக்கு அதைத் தரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பெரியவர்களைச் சட்டம் என்றைக்காவது கட்டிப்போட்டிருக்கிறதா? கட்டிப்போட்டிருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் கோலாலம்பூரில் ஸ்ரீ லெம்பா என்ற நிறுவனம் தன் நிலத்தை மேம்படுத்த அனுமதி கேட்டது. நில அதிகாரிகள், நிரந்தரப் பட்டாவை ஒப்படைத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகையாக மாற்றிக்கொண்டால்தான் அனுமதி என்றார்கள். நிலச் சட்டத்தில் அப்படிக் கேட்க அதிகாரம் இருக்கிறதா என்று நிறுவனம் கேட்டது. கூட்டரசு நீதிமன்றம் இல்லை என்றது. தீர்ப்பு எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா. கட்டற்ற அதிகாரம் என்பது தனக்குத்தானே முரணான பேச்சு, சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் சட்டத்தின் எல்லை உண்டு, இல்லாவிட்டால் அது சர்வாதிகாரம் என்ற கருத்து அதில்தான் வருகிறது. அவர்தான் பிறகு 1984இல் உங்கள் பேராக் மாநிலத்தின் சுல்தானானார். அந்த வழக்கில் வென்றது ஒரு கம்பெனிதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், கம்பெனிதான். ஆனால் அந்த வரி அதன் பிறகு யார் வாயிலும் வரலாம். 1996இல் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பு காக்கும் "உயிர்" என்பதற்குள் மனிதரின் பிழைப்பும் அடங்கும் என்றார், நீக்கத்தைப் பதவியிறக்கமாகக் குறைத்தார். வேலை போகப்போகும் உங்கள் மாமாவுக்கு அந்தத் தீர்ப்பை வாசித்துக் காட்டுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவசரகாலம் முடிந்த மறுநாளே, 1960 ஆகஸ்ட் 1 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. நம் வாயில் அது இசா. அமைச்சர் கையெழுத்துப் போட்டால் விசாரணையின்றி இரண்டாண்டு, அதைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கவும் செய்யலாம். 2007 நவம்பர் 25 அன்று, மலேசிய இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் என்ற அமைப்பு நடத்திய பேரணிக்குப் பிறகு டிசம்பர் 13 அன்று அதன் தலைவர்கள் ஐந்து பேரை அதன் கீழ்தான் உள்ளே போட்டார்கள். அவர்களில் ஒருவர் தடுப்புக் காவலில் இருந்தபடியே 2008 தேர்தலில் சட்டமன்ற உறுப்பினரானார். மக்கள் தேர்ந்தெடுத்தவரை அடைத்து வைத்த காரணம் சரிதானா என்று ஒரு நீதிபதி விசாரிக்க வழி இல்லாமல் இருந்தது. 2012இல் இசா போய், சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது. அதில் குற்றம் சாட்டுவதற்கு முன்பே 28 நாள் வரை போலீஸ் காவல் உண்டு. 2019இல் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று பன்னிரண்டு பேரை அதன் கீழ் பிடித்தார்கள், ஜாமீன் கிடையாது. சில மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், எல்லார் மேலும் இருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அந்தத் தீபாவளியை உள்ளே கழித்தவர்களுக்கு யார் கணக்குச் சொல்வது? எனக்கு இதில் நடுநிலை கிடையாது. விசாரணை இல்லாமல் ஒருவரை அடைக்க அனுமதிக்கும் சட்டம், எத்தனை முறை நாடாளுமன்றத்தில் நிறைவேறினாலும், சட்டத்தின் ஆட்சிக்கு எதிரானது.

இதைத் தடுக்க வேண்டிய நீதிமன்றமும் அடி வாங்கியிருக்கிறது. 1988இல் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் அரசியலமைப்பின் பிரிவு 121 திருத்தப்பட்டு, நீதிமன்றங்களுக்கு நாடாளுமன்றச் சட்டம் தரும் அதிகாரம் மட்டுமே உண்டு என்பதுபோல் ஆக்கப்பட்டது. அதைத் தூக்கி நிறுத்த ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயிற்று. 2017இல் செமினி ஜெயா வழக்கில், நிலக் கையகப்படுத்தலில் இழப்பீட்டை நீதிபதிக்குப் பதிலாக மதிப்பீட்டாளர்களே முடிவு செய்யும்படி வைத்திருந்த விதியைக் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்றது.

தீர்ப்பு வந்தால் மட்டும் போதுமா என்பது இன்னொரு வலி. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளைத் தந்தை ஒருவரே தனியாக மதம் மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைக்கும் உத்தரவு அதற்குப் பல ஆண்டு முன்பே ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வந்தது. கைக்குழந்தையாக எடுத்துச் செல்லப்பட்ட கடைசி மகளோ தாயிடம் வராமலே வளர்ந்தாள். எழுதியது ஒன்றும் நடப்பது ஒன்றுமாக இருக்கக் கூடாது என்ற ஃபுல்லரின் எட்டாவது நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் நினைவுதான் வரும்.

இப்போது உங்கள் பாட்டி வீட்டுக்கு வருவோம். நிலப் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே நிலம் என்பது நம் நிலச் சட்டம். மூன்று தலைமுறை அந்த மண்ணில் வேர்வை சிந்தியதற்கு அதில் இடம் இல்லை. 2009இல் பினாங்கு கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக இருந்த நம் மக்களின் வீடுகள் இடிபட்டபோது, நீதிமன்றம் வரை போய்த்தான் தோற்றார்கள். ஜோசப் ராஸ் என்ற அறிஞர் சொல்வது இங்கே பொருந்தும். சட்டத்தின் ஆட்சி என்பது சட்டத்துக்கு இருக்க வேண்டிய நல்ல குணங்களில் ஒன்று மட்டுமே, அது இருப்பதாலேயே எல்லா நியாயமும் கிடைத்துவிடாது. ஒழுங்காக அறிவித்து, எல்லாருக்கும் பொதுவாக நடத்தி, அதே சமயம் ஏழையை வீதியில் விடும் சட்டம் இருக்க முடியும். ஆகவே "சட்டம் பலசாலி பக்கம்" என்று நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொன்னவர் இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன், அவரே இடதுசாரி. பதினெட்டாம் நூற்றாண்டின் பண்ணைமுதலாளிகள் ஏழைகளை ஒடுக்கச் சட்டத்தைப் பயன்படுத்தியதை ஆராய்ந்தவர், 1975இல் அந்த ஆராய்ச்சியின் முடிவில் தன் தோழர்களே எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். சட்டம் நியாயமானது என்று ஜனங்கள் நம்ப வேண்டுமானால், சில நேரமாவது அது முதலாளியையும் கட்டியாக வேண்டும். அந்தச் சில நேரங்களை ஏழைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வெறும் அதிகாரத்துக்கும் சட்டத்தால் கட்டுண்ட அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அற்பமாக நினைப்பது பெரும் தவறு என்றார். தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 1990இல் வந்தது, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள் 1980இல் வந்தன. இவற்றை யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை.

கட்டுப்பட வேண்டுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். ஹெச். நாதன் போன்றவர்கள் முன்நின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது, கள்ளுக்கடையை மூடுவது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை என்ற உரிமை. சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் இறங்காதவனுக்கு அந்தத் தோட்டத்தில் வாழ்வும் இல்லை. எழுத்தில் இல்லாத, யாரும் கேள்வி கேட்க முடியாத அந்தக் கட்டளையைத்தான் அவர்கள் மறுத்தார்கள். அரசாங்கம் நாதனைப் பிடித்து நாடு கடத்தியது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தது, படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அங்கே சட்டத்தை மீறியவர்கள் யார் என்று ஏட்டில் பார்த்தால் தொழிலாளர்கள்தான். சட்டத்தின் ஆட்சியைக் கேட்டவர்கள் யார் என்று பார்த்தாலும் அவர்களேதான்.

எனவே என் பதில் இது. சட்டத்துக்குக் கட்டுப்படும் கடமை உண்டு, ஏனென்றால் ஆளாளுக்குத் தனக்குப் பிடிக்காததை மீறினால் முதலில் நசுங்குவது நம்மைப் போன்றவர்கள். பலசாலிக்குச் சட்டம் இல்லாமலே பிழைக்கத் தெரியும். ஆனால் அந்தக் கடமைக்கு எல்லை உண்டு. கேள்வி கேட்கும் வாசலையே மூடிவிட்ட சட்டத்துக்கு, ஒருவரை மனிதர் என்றே எண்ணாத சட்டத்துக்கு, பகிரங்கமாக, அடிதடி இல்லாமல், விளைவை ஏற்றுக்கொண்டு "மாட்டேன்" என்று சொல்பவரை நான் குற்றவாளியாகப் பார்க்க மாட்டேன். மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதியபோது, அப்படி மீறுபவரே சட்டத்துக்கு உயர்ந்த மரியாதை செய்கிறார் என்றார். பாட்டியின் வீட்டு விஷயம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இங்கே கேள்வி கேட்கும் வாசல் திறந்துதான் இருக்கிறது, அதில் முதலில் நுழையுங்கள்.

"எல்லாம் சட்டப்படிதான்" என்று ஆபீசில் சொன்னார்கள் அல்லவா? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டைப் பூட்டவோ தண்ணீரை நிறுத்தவோ யாராவது வந்தால் நீதிமன்ற உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். தோட்டம் கைமாறும்போது புது முதலாளி, குறையாத சம்பளத்திலும் சலுகையிலும் வேலை கொடுக்க முன்வராவிட்டால், மாமாவுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவர் என்றால், இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். இருபத்து நான்கு ஆண்டு பால் வெட்டியவருக்கு 480 நாள் சம்பளம். வேலை முடிந்து ஏழு நாளுக்குள் அது கையில் வர வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் இருந்தவருக்கு எட்டு வார நோட்டீசும் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். இது ஆட்குறைப்பு இல்லை, காரணமற்ற வேலைநீக்கம் என்று தோன்றினால் தொழிலுறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும், அதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். வீட்டு விஷயத்துக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் போய்க் கேளுங்கள். பாட்டியை எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க விடாதீர்கள், முதலில் அதை ஒருவர் தமிழில் படித்துச் சொல்லட்டும். மாமாவின் பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும், சேமநிதிக் கணக்கையும் இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்றுதான் முகப்பில் முதலில் கேட்பார்கள்.